நீல ரெசிஸ்டர், அஞ்சு கோடு: 10 கே-யா, 120 ஓமா? எந்தப் பக்கத்திலிருந்து படிக்கணும்?

பளுகல்_மைக்செட்

மைக்செட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் டோன் கண்ட்ரோல் போர்டு பெஞ்சில் இருக்கு. ஒரு சேனலில் ட்ரெபிள் குறைவு. அந்தப் பக்கத்தில் நீல உடம்பு, கால் வாட், அஞ்சு கோடு போட்ட ரெசிஸ்டர் ஒண்ணு. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் பிரவுன், கருப்பு, கருப்பு, சிவப்பு, பிரவுன். திருப்பிப் பார்த்தால் பிரவுன், சிவப்பு, கருப்பு, கருப்பு, பிரவுன். மூணு இலக்கம், ஒரு பெருக்கம், கடைசியில் டாலரன்ஸ் (மதிப்பு எத்தனை சதவீதம் விலகலாம்) என்று எடுத்தால் முதல் கணக்கில் 10 கே (10,000 ஓம்), அடுத்த கணக்கில் 120 ஓம். ரெண்டுமே கடையில் கிடைக்கிற வேல்யூதான். கோடுகளுக்கு நடுவில் இடைவெளி எல்லாம் ஒரே மாதிரி இருக்கு.

போர்டில் இருக்கும்போதே மீட்டர் வைத்தால் 3.6 கே காட்டுது. சர்க்யூட் படம் கையில் இல்லை. பக்கத்திலேயே இன்னொண்ணு: சிவப்பு, சிவப்பு, கருப்பு, கருப்பு, பிரவுன். நேராகப் படித்தால் 220 ஓம், திருப்பினால் 10 கே. எதை நம்புறது?

தக்கலை_ஐடிஐ

நல்ல கேள்வி. நாலு கோடு ரெசிஸ்டரில் இந்தச் சிக்கல் அநேகமாக வராது. கடைசிக் கோடு கோல்டு அல்லது சில்வர். அந்த ரெண்டு நிறத்துக்கும் இலக்கம் கிடையாது என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து யாரும் தொடங்க முடியாது. அஞ்சு கோடு மெட்டல் ஃபிலிமில் 1% டாலரன்ஸுக்கு பிரவுன், 2%-க்கு சிவப்பு. இந்த ரெண்டும் 1, 2 என்ற இலக்கங்களும் ஆகிவிடுவதால் இரண்டு முனையிலிருந்தும் படிப்பு ஓடுகிறது.

1% ரெசிஸ்டரில் அடிக்கடி மாட்டுகிறவற்றைச் சொல்கிறேன். 1 கே (பிரவுன், கருப்பு, கருப்பு, பிரவுன், பிரவுன்) திரும்பினால் 110 ஓம். 10 கே திரும்பினால் 120. 100 கே திரும்பினால் 130. 1 மெக் (பத்து லட்சம் ஓம்) திரும்பினால் 140. ரெசிஸ்டர் தயாரிக்கிற நிலையான மதிப்பு வரிசைகளில், இந்த 140 இ96 வரிசையில் உண்டு, இ24-ல் கிடையாது. 100 ஓம் மட்டும் பிரவுன், கருப்பு, கருப்பு, கருப்பு, பிரவுன் என்று இரு பக்கமும் ஒன்றேதான், அதில் தப்பே வராது. 2.2 கே திரும்பினால் 11 கே 2%. 22 கே திரும்பினால் 12 கே 2%. உங்களுடைய 220 திரும்பினால் 10 கே 2%. சாதாரண ஆடியோ போர்டில் 2% அரிது. ஆகவே சிவப்பில் முடிகிற படிப்பும் பிரவுனில் முடிகிற படிப்பும் எதிரெதிரே நின்றால் பிரவுன் கடைசி என்று எடுத்துக்கொண்டு, பிறகு மீட்டரில் உறுதி செய்யுங்கள்.

இனி உங்கள் 3.6 கே. பவர் இல்லாமல், கெபாசிட்டர்கள் காலியான போர்டில் வைக்கிற மீட்டர், அந்த ரெசிஸ்டரோடு பேரலலாக நிற்கிற எல்லாவற்றையும் சேர்த்தே காட்டும். பேரலல் சேர்ந்தால் மதிப்பு குறையுமே தவிர கூடாது. அதனால் நல்ல நிலையில் இருக்கிற 120 ஓம் ரெசிஸ்டர் எந்த போர்டிலும் 3.6 கே காட்ட வழியில்லை. 10 கே-யோடு சுமார் 5.6 கே பேரலலில் இருந்தால் 3.6 வரும், அது இயல்பு. அல்லது 120 ஓம் ஓப்பன் ஆகி (உள்ளே அறுந்து), சுற்றி இருக்கிற 3.6 கே மட்டும் தெரியலாம். இந்த இரண்டில் எது என்று ஒரு காலைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

பளுகல்_மைக்செட்

விளங்குது சார். போர்டில் ப்ரோபை மாற்றி வைத்தால் 3.6-க்குப் பதில் 4.9 காட்டுது. அது ஏன்?

தக்கலை_ஐடிஐ

பேரலலில் ஏதோ ஒரு ஜங்ஷன் இருக்கிறது: டிரான்ஸிஸ்டரின் பேஸ்-எமிட்டர், டயோடு, அல்லது ஐசி-க்குள் இருக்கிற ப்ரொடெக்ஷன் டயோடு. ரெசிஸ்டருக்குத் திசை கிடையாது. ப்ரோப் மாற்றினால் அளவு மாறுகிறது என்றால் நீங்கள் ரெசிஸ்டரை மட்டும் அளக்கவில்லை என்று அர்த்தம். அளவு மெதுவாக ஏறிக்கொண்டே போய் நின்றால் அது கெபாசிட்டர் சார்ஜ் ஆவது. ரெண்டு நிலையிலும் போர்டு அளவை எழுதிவைக்க வேண்டாம்.

களியக்காவிளை_பெஞ்ச்

ஒரு கால் தூக்குறதுக்கு முன்னாடி இன்னொரு வழி இருக்கு அண்ணாச்சி. ஸ்டீரியோ போர்டுதானே? நல்லா வேலை செய்யுற சேனல்ல அதே இடத்துல இருக்கிற ரெசிஸ்டரைப் பாருங்க. ஃபேக்டரியில ரெண்டு ரெசிஸ்டரும் ஒரே திசையிலதான் மாட்டியிருப்பான்னு நெனச்சிராதீங்க. கையால மாட்டுன போர்டுல தலைகீழா இருக்கும். அதுல ஒண்ணுல கடைசிக் கோட்டுக்கு இடைவெளி தெளிவாத் தெரியுறது உண்டு. அதோட போர்டு அளவையும் ரெண்டு சேனல்லயும் எடுங்க. அங்கயும் 3.6, ப்ரோப் மாத்துனா 4.9-னா இந்த ரெசிஸ்டர் நல்லாத்தான் இருக்கு, பழுது வேற எடத்துல. ட்ரெபிள் மட்டும் குறைஞ்சா நான் முதல்ல பாக்குறது சின்ன பாலியஸ்டர் கெபாசிட்டரையும் ட்ரெபிள் திருகுற பாட்டையுந்தான் (பொட்டென்ஷியோமீட்டர்).

கோடு படிக்கிறதுல எல்லாரும் முதல் கோட்டுல தொடங்குதாங்க. நான் சொல்லுறது, பெருக்குற கோட்டை முதல்ல பாருங்க. நாலு கோட்டுல மூணாவது, அஞ்சு கோட்டுல நாலாவது. இலக்கக் கோட்டுல தப்பு வந்தா 22-க்கு 27 ஆகும், அவ்வளவுதான். பெருக்குற கோட்டுல பிரவுனை சிவப்புன்னு எடுத்தா பத்து மடங்கு போயிரும், டிரான்ஸிஸ்டரே வெந்துரும்.

நாலு கோட்டுல மூணாவது கருப்புன்னா பத்து ஓம்ல இருந்து நூறுக்குள்ள. பிரவுன்னா நூறுகள்ல. சிவப்புன்னா ஒண்ணு ரெண்டு கே. ஆரஞ்சுன்னா பத்து கே, மஞ்சள்னா நூறு கே, பச்சைன்னா மெக். கோல்டு வந்தா ஒத்தை ஓம், சில்வர் வந்தா ஓமுக்கும் கீழ. இதை மனசுல வச்சுக்கிட்டா நிற வரிசையை மனப்பாடம் பண்ணுற ‘பி பி ராய்’ பாட்டே வேண்டாம்.

விளவங்கோடு_ஃபைனல்இயர்

அண்ணா, அஞ்சு கோட்டுக்கும் அதே கணக்கா? நாலு கோடு 10 கே-யில் ஆரஞ்சு வருது, அஞ்சு கோடு 10 கே-யில் சிவப்பு வருதே.

களியக்காவிளை_பெஞ்ச்

இல்ல தம்பி, ஒரு படி கீழ இறங்கும். அஞ்சு கோட்டுல முன்னாடி மூணு இலக்கம் இருக்குல்லா. அதனால கருப்புன்னா நூறுகள், பிரவுன்னா கே, சிவப்புன்னா பத்து கே, ஆரஞ்சுன்னா நூறு கே, மஞ்சள்னா மெக். கோல்டுன்னா பத்து ஓம் வரிசை. 10 ஓம் 1% பிரவுன், கருப்பு, கருப்பு, கோல்டு, பிரவுன். இங்க கோல்டு கடைசிக்கு முந்தின எடத்துல நிக்கும். அதைப் பாத்துட்டு டாலரன்ஸ்னு எடுத்துரக் கூடாது.

செங்கோட்டை_ஆம்ப்

பாட்டு வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. புதிதாகக் கற்கிறவருக்கு கருப்பு 0-வில் தொடங்கி வெள்ளை 9 வரை வரிசை மனப்பாடமாக இருக்க வேண்டும். சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, வயலட் 7 என்பது வானவில் வரிசையே. முன்னால் கருப்பும் பிரவுனும், பின்னால் கிரேயும் வெள்ளையும் சேர்த்தால் முடிந்தது. ஆனால் அதோடு இ12 வரிசையையும் மனப்பாடம் செய்யுங்கள் என்பேன். அதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை, பெஞ்சில் நிறத்தைவிட அதுதான் அதிகம் காப்பாற்றும்.

10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82. இவ்வளவுதான் இ12. இப்போது கவனியுங்கள்: முதல் கோடு மஞ்சள் என்றால் இரண்டாவது வயலட்டாகத்தான் இருக்க வேண்டும். முதல் கோடு பச்சை என்றால் அடுத்தது நீலம். நீலம் என்றால் கிரே. கிரே என்றால் சிவப்பு. சிவப்பு என்றால் சிவப்பு அல்லது வயலட். ஆரஞ்சு என்றால் ஆரஞ்சு அல்லது வெள்ளை. பிரவுன் மட்டும்தான் கருப்பு, சிவப்பு, பச்சை, கிரே என்று நாலு துணையோடு வரும். இ24-க்குப் போனால் 11, 13, 16, 20, 24, 30, 36, 43, 51, 62, 75, 91 சேரும். அப்போதும் மஞ்சளுக்குப் பின் வயலட் அல்லது ஆரஞ்சு, பச்சைக்குப் பின் நீலம் அல்லது பிரவுன், அவ்வளவே. முதல் கோடு வயலட் என்றால் 75 மட்டும், வெள்ளை என்றால் 91 மட்டும்.

ஆக, ஆரஞ்சு-சிவப்பு என்று கண்ணுக்குத் தெரிந்தால் 32 என்று எழுதாதீர்கள். 32 என்ற மதிப்பு இந்த வரிசையில் கிடையாது. அது 22 அல்லது 33 அல்லது 12. எந்தக் கோட்டை வெளிச்சம் ஏமாற்றியது என்று மறுபடி பார்க்க வேண்டும். மஞ்சள்-பிரவுன் தெரிந்தால் 41 என்று ஒன்று இல்லை. வயலட் மங்கியிருக்கும், 47. நிறம் ஒரு ஊகம் தரும், வரிசை அந்த ஊகத்தைச் சலித்துவிடும்.

1% அஞ்சு கோட்டில் இ96 மதிப்புகளும் வரும், 499, 681, 825 போல. அங்கே இந்தச் சல்லடை தளர்வு. ஆனால் மூன்றாவது இலக்கம் கருப்பாக இருந்தால் அது பெரும்பாலும் இ24 மதிப்பு என்று எடுத்துக்கொண்டு முன்னிரண்டு கோட்டையும் இப்படியே சரிபார்க்கலாம்.

விளவங்கோடு_ஃபைனல்இயர்

நிறமே சரியாகத் தெரியாதபோது? நீல உடம்பில் பிரவுன், சிவப்பு, கருப்பு மூணும் ஒண்ணு போலத் தோணுது. லேபில் எல்இடி ட்யூப். போனில் போட்டோ எடுத்தால் ஆரஞ்சு சிவப்பாகத் தெரியுது.

மார்த்தாண்டம்_பார்ட்ஸ்

நீல உடம்புல சிவப்பு பெயின்ட் தடவினா அது கொஞ்சம் பிரவுனா இறங்கும். வயலட் அநேகமா உடம்போடயே மறைஞ்சிரும். கோடு இருக்குதான்னே சந்தேகம் வரும். விலை குறைஞ்ச எல்இடில சிவப்பு ஒளி குறைச்சல், அதனால சிவப்பும் பிரவுனும் நெருங்கிரும். பழைய குண்டு பல்புக்குக் கீழே மஞ்சளும் வெள்ளையும் கலந்துரும். பகல்ல ஜன்னலோரம் கொண்டுபோங்க, நேர் வெயில் வேண்டாம். கையில வச்சு லேசா உருட்டுங்க. ஒரு பக்கம் பெயின்ட் மெலிசா இருக்கும், மறுபக்கம் தடிமனா இருக்கும், தடிமனான பக்கத்தைப் படிங்க.

போன்ல எடுக்கிறதானா பக்கத்துல ஒரு வெள்ளைத் தாள் ஃப்ரேமுக்குள்ள இருக்கணும். வெறும் பச்சை போர்டை மட்டும் எடுத்தா கேமரா அந்தப் பச்சையை ஈடுகட்டப் பாத்து எல்லாத்தையும் சிவப்புப் பக்கம் தள்ளும். அதே தாளுல தெரிஞ்ச ரெசிஸ்டர் ரெண்டு மூணு வச்சு எடுங்க: ஒரு 1 கே, ஒரு 2.2 கே, ஒரு 33 கே. நாலு கோட்டுல பிரவுன், கருப்பு, சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் அதுலயே கிடைச்சிரும். நெனப்புல இருக்கிற சிவப்போட ஒப்பிடாம பக்கத்துல இருக்கிற சிவப்போட ஒப்பிடுங்க.

ஃப்ளக்ஸ் படிஞ்ச ரெசிஸ்டரை முதல்ல துடைங்க. ரோசின் மேல ஏறுன மஞ்சள் அப்படியே ஆரஞ்சாத் தெரியும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் பஞ்சுல தொட்டுத் துடைச்சாப் போதும். தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீங்க, மட்டமான பெயின்ட்டுல கோடே போயிரும், அப்புறம் படிக்க ஒண்ணும் இருக்காது.

சிவப்பு-பச்சை பிரிச்சுப் பாக்க முடியாத கண் நிறையப் பேருக்கு உண்டு. அவங்க இந்தத் தொழிலுக்கு வரக்கூடாதுன்னு சொல்றது தப்பு. வாங்கின அன்னைக்கே மீட்டர்ல அளந்து, சின்னக் கவர்ல வேல்யூவை எழுதி வச்சா எந்தக் கோடும் படிக்க வேண்டியதில்லை. கண்ணு நல்லா இருக்கிறவங்களும் அப்படித்தான் செய்யணும். கலந்த பாக்கெட்டுல வேற வேல்யூ ஒண்ணு ரெண்டு புகுந்திருக்கும்.

செங்கோட்டை_ஆம்ப்

‘நீல உடம்பு என்றால் 1%, சந்தன நிற உடம்பு என்றால் 5% கார்பன்’ என்று பலர் எழுதுகிறார்கள். வழக்கம்தான், விதியில்லை. உடம்பின் நிறத்தை எந்தத் தரமும் கட்டிப்போடவில்லை. நீல உடம்பில் நாலு கோடு 5% பார்க்கலாம். கோட்டு எண்ணிக்கையையும் கடைசிக் கோட்டையும் மட்டும் நம்புங்கள்.

மார்த்தாண்டம்_பார்ட்ஸ்

சரிதான். பச்சை உடம்பு இன்னும் மோசம். பச்சையா, நடுவுல கொஞ்சம் தடிச்சு, நாலு கோடு போட்டு இருக்கும். பிரவுன், கருப்பு, பிரவுன், சில்வர். 100 ஓம்னு படிச்சு மீட்டர் வச்சா ஒண்ணு ரெண்டு ஓம் காட்டும், ஷார்ட்னு சொல்லிக் கழட்டிப் போட்டுருவாங்க. அது ரெசிஸ்டரே இல்ல, 100 மைக்ரோஹென்றி சோக் (கம்பிச் சுருள்). கோட்டுக் கணக்கு அதேதான், அலகு மட்டும் மைக்ரோஹென்றி. போர்டுல பக்கத்துல ‘எல்’னு அச்சிருக்கும். ‘ஆர்’னு இருந்தாத்தான் ரெசிஸ்டர். ‘எஃப்’ அல்லது ‘எஃப்ஆர்’னு இருந்தா ஃப்யூசிபிள், அதைப் பத்தித் தனியாச் சொல்லணும். உடம்பு நடுவுல ஒத்தைக் கருப்புக் கோடு மட்டும் இருந்தா ஜீரோ ஓம், வெறும் ஜம்பர்.

களியக்காவிளை_பெஞ்ச்

ஃப்யூசிபிளை நான் சொல்லுதேன். ஐப்பசி இடி சீசன்ல நம்ம பக்கம் செட்டாப் பாக்ஸ், ரௌட்டர் அடாப்டர், எல்இடி டிவி சப்ளை எல்லாம் வரிசையா வரும். மெயின்ஸ் நுழையுற எடத்துல 10 ஓம் இல்லன்னா 4.7 ஓம் ஃப்யூசிபிள் ரெசிஸ்டர் இருக்கும். கரண்ட் ஏறும்போது தீப்பிடிக்காம ஓப்பன் ஆகுறதுதான் அதோட வேலை. அந்த எடத்துல சாதாரண கார்பன் ஃபிலிம் போட்டா அடுத்த தடவை சிவந்து எரியும், போர்டு கருகும். அதே ஓம், அதே வாட், ஃப்யூசிபிள்னு கேட்டு வாங்குங்க. அது போயிருந்தா டயோடு பிரிட்ஜையும் ஸ்விட்சிங் ட்ரான்ஸிஸ்டரையும் பாக்காம புதுசு மாட்டாதீங்க. ஷார்ட்டாக் கிடக்கிற அந்த ஸ்விட்சிங் எம்ஓஎஸ்ஃபெட்டுதான் அதை அடிச்சிருக்கும்.

இன்னொண்ணு, சப்ளையைக் கிளப்பிவிடுற ஸ்டார்ட்டப் ரெசிஸ்டர். 230 வோல்ட் ரெக்டிஃபை ஆனா 325 வோல்ட் டிசி. சாதாரண கால் வாட் ரெசிஸ்டர் பொதுவா 250 வோல்ட்தான் தாங்கும், இது கோட்டுல எழுதியிருக்காது. அதனாலதான் அங்க 150 கே ரெண்டு சீரிஸ்ல போட்டிருப்பான். ரெண்டும் சேந்து 300 கே, ஆளுக்கு 162 வோல்ட், ஆளுக்கு கிட்டத்தட்ட 0.18 வாட். ‘எதுக்கு ரெண்டு, ஒத்தை 300 கே போட்டாப் போதாதா’ன்னு கால் வாட் ஒண்ணு மாட்டினா வோல்டேஜும் தாண்டும், 0.35 வாட் ஆகி வாட்டும் தாண்டும். கொஞ்ச நாள் ஓடி ஓப்பன் ஆயிரும்.

மெயின்ஸ் பக்கம் மீட்டர் வைக்கிறதுக்கு முன்னாடி பெரிய கெபாசிட்டரைக் காலி பண்ணுங்க. ஸ்க்ரூ ட்ரைவர் வச்சு ஷார்ட் அடிக்காதீங்க. 2.2 கே 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டரைப் பிடிச்ச ரெண்டு வயர், நல்ல இன்சுலேஷனோட, சில விநாடி வைங்க. அப்புறம் டிசி வோல்ட்ல அளந்து பூஜ்யம்னு பாத்துட்டுத்தான் ஓம்ஸுக்கு மாத்தணும்.

பளுகல்_மைக்செட்

அண்ணாச்சி, கருகின ரெசிஸ்டரில் கோடே தெரியலன்னா வேல்யூ எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தக்கலை_ஐடிஐ

பாதி கருகியதுதான் அதிக ஆபத்து, முழுதும் கருகினதைவிட. சூட்டில் சிவப்பு பிரவுனாகும், மஞ்சள் பழுப்பேறும், பச்சை கருக்கும், கோல்டு கருப்பாகும். கண்ணுக்கு ஒரு ஒழுங்கான வேல்யூ தெரியும், அது பொய். கருகிய ரெசிஸ்டரில் நடுக் கோடுகளை நம்ப வேண்டாம். சூடு நடுவில்தான் அதிகம். முனைக் கோடுகள் ஓரளவு பிழைத்திருக்கும்.

அடுத்து, ஃபிலிம் ரெசிஸ்டர் ஓப்பன் ஆகும்போது உடம்பு முழுதும் அறுவதில்லை, ஓரிடத்தில்தான் அறும். மேல் பெயின்ட்டை நடுவில் ஒரு புள்ளி மட்டும் பிளேடால் மெல்லச் சுரண்டி, அடியிலிருக்கும் படலம் தெரிந்ததும் ஒரு காலிலிருந்து அந்தப் புள்ளி வரை அளந்து பாருங்கள். எண் வந்தால் அந்தப் பாதி நலம். மறு பாதியில் புள்ளியை முனைப் பக்கமாக நகர்த்தினால் அறுபட்ட இடம் எங்கே என்று தெரியும். இரு துண்டையும் கூட்டினால் அசல் மதிப்புக்குக் கிட்டத்தட்ட வரும். உதாரணமாக 1.1 கே-யும் 1.0 கே-யும் கிடைத்தால், அறுபட்ட சிறு பகுதியையும் சேர்த்து, வரிசையில் அருகிலிருப்பது 2.2 கே. படலத்தை ஆழமாகச் சுரண்டினால் அளவு கூடிப்போகும். ஒயர்வுண்டில் இதைச் செய்ய வேண்டாம்.

இதற்கும் முன்னால் செய்யவேண்டியது, அது ஏன் கருகியது என்று பார்ப்பது. ரெசிஸ்டர் தானாகக் கருகுவது அரிது. அதற்குப் பின்னால் ஷார்ட்டான கெபாசிட்டரோ ட்ரான்ஸிஸ்டரோ இருக்கும்.

பாறசாலை_வால்வு

வால்வு ரேடியோ வைத்திருப்பவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். மிகப் பழைய செட்டில் கோடே இருக்காது. உடம்பு முழுதும் ஒரு நிறம், ஒரு முனையில் ஒரு நிறம், நடுவில் ஒரு புள்ளி. உடம்பு முதல் இலக்கம், முனை இரண்டாவது இலக்கம், புள்ளி பெருக்கம். மஞ்சள் உடம்பு, வயலட் முனை, ஆரஞ்சுப் புள்ளி என்றால் 47 கே. புள்ளி தெரியவில்லை என்றால் அது உடம்பின் நிறத்திலேயே இருக்கிறது என்று எடுக்க வேண்டும். முழுக்கச் சிவப்பாக, முனையும் புள்ளியும் இல்லாமல் ஒன்று கிடந்தால் 2.2 கே. மறுமுனையில் கோல்டு, சில்வர் இருந்தால் 5%, 10%. ஒன்றும் இல்லையென்றால் 20%.

அந்தக் காலத்து ரெசிஸ்டர் கார்பன் காம்போசிஷன். நம் குமரிப் பக்கம் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. ஈரம் குடித்து மதிப்பு ஏறிக்கொண்டே போகும். 470 கே 20% என்றால் 564 கே வரை பொறுக்கலாம். ஆனோடு லோடிலோ கிரிட் லீக்கிலோ அதற்கு மேல் போயிருந்தால் மாற்றிவிடுங்கள். கோட்டை நம்பி ‘வேல்யூ சரியாகத்தான் எழுதியிருக்கு’ என்று விட்டால் சத்தம் குறைந்த ரேடியோ குறைந்தபடியே இருக்கும்.

ஹை வோல்டேஜ் ரெசிஸ்டரில் இன்னொரு விஷயம். கோல்டு, சில்வர் பெயின்ட்டில் உலோகத் துகள் உண்டு என்பதால் அங்கே 5%-க்கு மஞ்சள், 10%-க்கு கிரே போடுவார்கள். பிரவுன், கருப்பு, நீலம், மஞ்சள் என்று வந்தால் 10 மெக், 5%. திருப்பிப் படித்தால் 46 ஓம். 46 இ24-ல் கிடையாது. மேலே செங்கோட்டைக்காரர் சொன்ன சல்லடை இங்கேயும் வேலை செய்கிறது.

விளவங்கோடு_ஃபைனல்இயர்

10 மெக்கை எப்படி அளக்கிறது சார்? என் மீட்டரில் 2000 கே-தான் கடைசி ரேஞ்ச்.

பாறசாலை_வால்வு

நல்ல 1 மெக் ஒன்றை அதோடு பேரலலில் பிடியுங்கள். 10 மெக் சரியாக இருந்தால் 909 கே காட்டும். ஓப்பன் என்றால் 1000 கே. இரண்டு ப்ரோப்பையும் விரலால் சேர்த்துப் பிடிக்காதீர்கள், 100 கே-க்கு மேல் போனாலே வியர்த்த கை பேரலலாகச் சேர்ந்து அளவைக் குறைத்துவிடும். க்ரொக்கடைல் க்ளிப் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

மார்த்தாண்டம்_பார்ட்ஸ்

கீழ்ப் பக்கத்துக்கும் சொல்லிருவோம். பவர் ஆம்ப்ல எமிட்டர் ரெசிஸ்டர் 0.22 ஓம், சிவப்பு, சிவப்பு, சில்வர், கோல்டு. சாதா மீட்டர்ல அளக்க முடியாது, ப்ரோப் வயரே 0.3, 0.4 ஓம் காட்டும். பெஞ்ச் சப்ளையை அரை ஆம்ப் கரண்ட் லிமிட்ல வச்சு ரெசிஸ்டர் வழியா விடுங்க. கால் அடியிலேயே ப்ரோப் வச்சு மில்லிவோல்ட் பாருங்க. 110 மில்லிவோல்ட் வந்தா 0.22 சரி.

சிமென்ட் ரெசிஸ்டர்ல எழுத்து வரும். 5 வாட் 22ஆர்கே-ன்னு இருந்தா 22 கே இல்ல. ‘ஆர்’ புள்ளி இருக்கிற எடம், 22 ஓம். கடைசி ‘கே’ 10% டாலரன்ஸ். ‘ஜே’ 5%, ‘எஃப்’ 1%. 4கே7ஜே-ன்னா 4.7 கே 5%. கடைசியில நிக்கிற எழுத்தை டாலரன்ஸ்னு பிரிச்சுட்டு மிச்சத்தைப் படிங்க.

கொளச்சல், தேங்காப்பட்டணம் மாதிரி கடலோரத்துல இருக்கிறவங்க ஸ்டாக் வாங்கும்போது காலுல காந்தம் வச்சுப் பாருங்க. ஒட்டினா உள்ள இரும்புக் கம்பி, மேல செம்புப் பூச்சு. உப்புக் காத்துல கால் உடம்போட சேருற எடத்துல துரு ஏறும். ரெசிஸ்டர் வெளிய நல்லாருக்கும், அசைச்சா மட்டும் அளவு குதிக்கும். டப்பாவுல சிலிகா ஜெல் போட்டு வைங்க. மாட்டும்போது காலை உப்புத்தாளால தேய்ச்சு உடனே ஈயம் பூசுங்க.

விளவங்கோடு_ஃபைனல்இயர்

எஸ்எம்டி-யில் (போர்டு மேலேயே ஒட்டுற சின்ன ரெசிஸ்டர்) 100 என்று இருந்தால் 100 ஓமா?

செங்கோட்டை_ஆம்ப்

இல்லை, 10 ஓம். கடைசி இலக்கம் எத்தனை பூஜ்யம் என்பது. 10-க்குப் பின் பூஜ்யம் எதுவுமில்லை. 101 என்றால்தான் 100 ஓம். 103 என்றால் 10 கே. நாலு இலக்கமாக 1002 என்று இருந்தாலும் 10 கே, 1000 என்று இருந்தால் 100 ஓம். இரண்டு எண்ணும் ஒரு எழுத்தும் வந்தால் இ96 குறியீடு: 01சி என்றால் 10 கே, 68சி என்றால் 49.9 கே. அந்த எண் இ96 வரிசையில் எத்தனையாவது மதிப்பு என்பதைச் சொல்கிறது, எழுத்து பெருக்கத்தை. அதற்கு அட்டவணை ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள், மனப்பாடம் வேண்டாம்.

ஆறு கோடு பார்த்தால் பயப்பட வேண்டாம். முதல் அஞ்சு அதேபோல், ஆறாவது வெப்பத்துக்கு எவ்வளவு நகரும் என்பது. பிரவுன் என்றால் ஒரு டிகிரிக்கு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு), சிவப்பு 50. பிரவுன் போட்ட 10 கே பத்து டிகிரி சூடேறினால் அதிகபட்சம் 10 ஓம் நகரும். மைக்செட்டில் அதைப் பொருட்படுத்த வேண்டாம், அளவுக் கருவியில் பொருட்படுத்த வேண்டும்.

பளுகல்_மைக்செட்

ஒரு காலைத் தூக்கி அளந்தாச்சு. முதலாவது 9.97 கே. ரெண்டாவது 219 ஓம். அடுத்த சேனலில் அதே இடத்தில் இருக்கிற 10 கே போர்டில் 3.6-தான், ப்ரோப் மாற்றினால் 4.9. ஆக, ரெண்டு ரெசிஸ்டரும் நல்லாத்தான் இருக்கு. ட்ரெபிள் பாட்டின் ஒரு முனைக்கும் நடுக் காலுக்கும் இடையே அளந்தால் சுழற்றும்போது 30 கே பக்கம் ஒரு இடத்தில் ஓப்பன் ஆகி மறுபடி வருது. பாட்டில் 50கேபி-ன்னு எழுதியிருக்கு. பக்கத்துக் கடையில் 50கேஏ இருக்கு, அதைப் போடலாமா?

களியக்காவிளை_பெஞ்ச்

ரெண்டும் 50 கே-தான், ஆனா அந்தக் கடைசி எழுத்து டாலரன்ஸ் இல்ல, சுழற்றும்போது எப்படி ஏறுதுங்கிறது. இப்ப வர்ற பாட்டுல ‘பி’ நேரா ஏறும், ‘ஏ’ வால்யூமுக்கானது. டோன் கண்ட்ரோலுக்கு ‘பி’தான். ‘ஏ’ போட்டா நடு எடத்துல ஃப்ளாட்டா இருக்காது, ஒரு சேனல் ஒரு மாதிரி, அடுத்தது வேற மாதிரி கேக்கும். நாகர்கோவில்லயோ திருவனந்தபுரத்துலயோ 50கேபி கேட்டு, ரெண்டு சேனலுக்கும் ஒரே தயாரிப்பா ரெண்டா வாங்குங்க. பழசோட கால் இடைவெளியையும் ஷாஃப்ட் நீளத்தையும் அளந்துட்டுப் போங்க.

பளுகல்_மைக்செட்

கால் இடைவெளி 5 மில்லிமீட்டர், ஷாஃப்ட் 15. 50கேபி ரெண்டா எழுதிக்கிட்டேன் அண்ணாச்சி.